செக் எஞ்சின் விளக்கும் மேற்குச் சென்னைப் பட்டறைகளும்

சென்னை மாநகரத்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் பெருவழிகள் இரண்டு. பாடி, அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு திருவள்ளூருக்குப் போவது ஒன்று. கோயம்பேடு, மதுரவாயல், பூந்தமல்லி வழியாகப் பெங்களூரை நோக்கிப் போவது மற்றொன்று. இவ்விரு வழிகளின் ஓரங்களிலும், அவற்றிலிருந்து கிளை பிரியும் தெருக்களிலும், தகரக் கூரை வேய்ந்த மோட்டார்ப் பட்டறைகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருப்பவர், "செக் எஞ்சின் லைட் மறுபடியும் எரியுது, அண்ணே, போன மாசந்தானே அணைச்சுக் குடுத்தீங்க?" என்ற முறையீட்டைக் கேளாமல் எழுந்து வருவது அரிது. காரின் ஓட்டத்தில் வெளிப்படையான குறை ஒன்றும் இராது, சத்தம் மாறியிராது, பெட்ரோல் செலவும் கூடியதாகத் தோன்றாது. ஆயினும் வேகமானிக்குப் பக்கத்தில், எஞ்சினின் உருவம் பொறித்த அந்த மஞ்சள் விளக்கு, அணைக்க அணைக்கத் திரும்பத் திரும்ப எரிந்து, சொந்தக்காரரின் மன நிம்மதியைக் குலைத்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சிறு விளக்கு எந்தத் தேசத்தில், என்ன அவசியத்தால் பிறந்தது, அது வருவதற்கு முன் நம் பகுதியின் தொழிலாளர் எஞ்சினின் கோளாறுகளை எவ்வாறு அறிந்தனர், அது வந்த பிறகு அவர்களுடைய தொழில் எவ்வாறு உருமாறிற்று என்பவற்றை ஒரு கோவையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நெடுநாளைய விருப்பம். கோளாறு கண்டறியும் கலையின் சரித்திரத்தை அறிந்தவருக்கு, அந்த விளக்கு ஏன் திரும்பத் திரும்ப எரிகிறது என்ற கேள்விக்கு விடையும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

எந்திரத் தொழில் இந்த மேற்குப் பகுதிக்குப் புதிதன்று. 1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டபோது, அது ஆவடி வழியாகவே சென்றது. ரயில்வேயின் பெரும் பணிமனைகள் பக்கத்திலுள்ள பெரம்பூரில் எழுந்தன. ஆனால் மோட்டார் வாகனம் முதலில் மவுண்ட் ரோட்டுக்கே உரிய விசேஷமாக இருந்தது. 1840-இல் தோன்றி, குதிரை வண்டி கட்டும் தொழிலில் பெயர் பெற்ற சிம்சன் கம்பெனி, 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் சென்னையிலேயே செய்து ஓட்டிக் காட்டியது. அடிசன் முதலிய ஸ்தாபனங்கள் சீமையிலிருந்து கார்களைத் தருவித்துச் செல்வந்தர்களுக்கு விற்றன. அக்காலத்தில் பழுது பார்ப்பதென்பது கம்பெனியாரின் கொட்டகைக்குள்ளேயே நடந்த காரியம். அது தெருவுக்கு இறங்கி வந்தது பஸ்களின் காலத்தில்தான். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டி. வி. சுந்தரம் அய்யங்கார் முதலியோர் மாகாணமெங்கும் பஸ் தொழிலைப் பரப்பியபோது, வண்டி நின்ற இடத்திலேயே அதைச் சீர்செய்து ஓட்டத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு ஊர் தேவைப்பட்டனர். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்த காலத்தில், கரியை எரித்து அதன் வாயுவைக் கொண்டு பஸ் ஓட்டும் கலத்தை அந்த ஸ்தாபனம் செய்து பரப்பியது. எஞ்சின் எதை உண்டு எதை வெளிவிடுகிறது என்பதைத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் கண்ணால் கண்டு கற்றுக்கொண்ட காலம் அது.

அதே யுத்தத்தின்போது ஆவடி ஒரு பெரிய ராணுவக் கிடங்காக மாறியது. யுத்தம் முடிந்து சுதந்திரமும் வந்த பின், 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்பதே நாட்டின் லட்சியம் எனத் தீர்மானித்தது யாவரும் அறிந்த செய்தி. அதற்கு முன்னும் பின்னுமாக இப்பகுதியில் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1949-இல் அம்பத்தூரில் டி. ஐ. சைக்கிள் கம்பெனி, 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ், 1959-இல் அம்பத்தூரில் டன்லப் டயர்த் தொழிற்சாலை, 1961-இல் ஆவடியில் மத்திய அரசாங்கத்தின் கனரக வாகனத் தொழிற்சாலை என்று அந்த வரிசை நீண்டது. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ்-டி. வி. எஸ்., சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா ஆகிய ஆலைகள் அடுத்தடுத்துத் தோன்றி, மோட்டார் வாகனத்தின் மின் கருவிகளையும், பிரேக்குகளையும், சக்கரங்களையும் செய்யத் தொடங்கின. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்டதும், இந்த ஆலைகளுக்கு வேண்டிய சிறு சிறு பாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் அங்கே நூற்றுக்கணக்கில் பெருகின.

இந்தச் சூழ்நிலையின் பலன் ஆலைச் சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிடவில்லை. ஐ. டி. ஐ.-யிலும் ஆலைகளிலும் பயிற்சி பெற்றவர்களும், லேத் பட்டறைகளில் கை தேர்ந்தவர்களும் வாழ்ந்த தெருக்களிலேயே மோட்டார்ப் பட்டறைகளும் அமைந்தன. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கைத் 'தௌ' என்று சர்வசாதாரணமாகப் பேசும் ஜனங்கள் இவ்வூர்களில் வாழ்ந்தனர். ஒரு பாகம் சரியா, பிழையா என்பதை அளவு கருவியை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்ற ஒழுக்கம், தொழிற்பேட்டையின் அன்றாடப் பழக்கம். அந்த ஒழுக்கத்தின் ஒரு பகுதி தெருவோரத்து மெக்கானிக்குக்கும் உரியதாயிற்று.

அக்காலத்துக் கார்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம். சாலையில் அதிகமாகக் கண்ணிற்பட்டவை அம்பாசடரும், பியட்டும், வண்டலூரை அடுத்த ஆலையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டும். இவற்றின் எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். அந்தக் கலவையைத் தக்க தருணத்தில் பற்றவைத்தது டிஸ்ட்ரிபியூட்டரும் அதனுள் இருந்த பாயிண்டும். அம்பாசடரின் பாயிண்டுக்கு ஏறத்தாழ 15 தௌ இடைவெளி வேண்டும். பிளக்குக்கு ஏறத்தாழ 25 தௌ வேண்டும். இந்த அளவுகள் ஓட ஓடத் தேய்மானத்தால் மாறும். மாறினால் எஞ்சின் தடுமாறும். ஆகவே சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து 'டியூனிங்' செய்துகொள்வது அன்றைய சம்பிரதாயம்.

கோளாறு நேர்ந்தால் மெக்கானிக் என்ன செய்வார்? முதலில் வண்டியின் சொந்தக்காரரை விசாரிப்பார்: காலையில் குளிர்ந்திருக்கும்போது இழுக்கிறதா, சூடேறிய பின் இழுக்கிறதா? மேட்டில் ஏறும்போது தடுமாறுகிறதா, சமதரையிலும் தடுமாறுகிறதா? பிறகு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். இளம் பழுப்பானால் கலவை சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்துப் போயிருந்தால் காற்று மிகுதி. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோடு அணைத்து, உள்ளே எந்த இடத்தில் சத்தம் பிறக்கிறது என்று கேட்பார். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் ஒவ்வொரு பிளக் வயராக எடுத்துப் பார்த்து, எதை எடுத்தால் ஓட்டத்தில் மாறுதல் தோன்றவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவார். கண்டது, கேட்டது, விசாரித்தது ஆகிய மூன்றையும் சேர்த்து அநுமானம் செய்யும் தர்க்க முறை இது. எழுத்து வாசனை அதிகமில்லாதவர்களும் இதை நுட்பமாகப் பயின்று கையாண்டனர்.

இந்த வித்தை வாழையடி வாழையாக வந்த முறையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் பட்டறைக்கு வருவான். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவான். 'பத்து-பதினொண்ணு' என்று கேட்ட கணத்தில் அந்த ஸ்பேனரைத் தேடி எடுத்துக் கொடுப்பான். டீ வாங்கி வருவான். சில ஆண்டுகளில் சக்கரமும் பிரேக்கும், அதற்குப் பின் கியர் பெட்டியும், கடைசியில்தான் எஞ்சினும் அவன் கைக்கு வரும். அந்தப் படிமுறையில் அநுபவ ஞானத்தின் அஸ்திவாரம் பலமாக இருந்தது என்பது மெய். பள்ளிக்கூடம் போக வேண்டிய குழந்தையின் உழைப்பைக் கொண்டு அந்த அஸ்திவாரம் எழுந்தது என்பதும் மெய். சட்டமும் சமூக மனசாட்சியும் அந்த வழக்கத்தை விலக்கியது நியாயமே. பழைய ஞானத்தைப் போற்றுவோர் பழைய அநீதியையும் சேர்த்துப் போற்றலாகாது.

அந்நாளைய கார்களிலும் எச்சரிக்கை விளக்குகள் உண்டு. பாட்டரிக்கு மின்சாரம் சேராவிட்டால் ஒன்று எரியும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் மற்றொன்று எரியும். இந்த இரண்டாவதைக் கண்டதும் வண்டியை நிறுத்தாவிட்டால் எஞ்சினுக்கு நாசம். ஆனால் எஞ்சின் புகையாக வெளிவிடுவது ஊருக்கு எவ்வளவு தீங்கு செய்கிறது என்று சொல்லும் விளக்கு எந்தக் காரிலும் இல்லை. அந்தக் கேள்வி எழுந்தது வேறொரு கண்டத்தில்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை இரண்டாம் உலக யுத்தத்தின் காலம் முதல் கண்ணெரிச்சல் தரும் ஒருவகை மூட்டம் சூழ்ந்து வந்தது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன அறிஞர், வாகனங்களிலிருந்து எரியாமல் வெளிவரும் எரிபொருள் ஆவியும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், சூரிய ஒளியில் ஒன்றோடொன்று கலந்து ஓசோனாக மாறுவதே அதன் காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். மோட்டார்க் கம்பெனிகள் முதலில் இதை மறுத்துரைத்தன. ஆயினும் உண்மை வென்றது. 1967-இல் கலிபோர்னியாவில் காற்று வளங்களுக்கென ஒரு வாரியம் ஏற்பட்டது. ஹாகன்-ஸ்மிட்டே அதன் முதல் தலைவரானார். 1970-இல் அமெரிக்கா முழுவதற்கும் கடுமையான தூய காற்றுச் சட்டம் வந்தது.

சட்டம் கேட்ட தூய்மையைக் கார்புரேட்டரால் கொடுக்க முடியவில்லை. புகைக்குழாயில் வைக்கப்பட்ட கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்ற சுத்திகரிப்புக் கலம் செவ்வையாக வேலை செய்யவேண்டுமானால், காற்றும் பெட்ரோலும் ஏறத்தாழ 14.7-க்கு 1 என்ற எடை விகிதத்தில், இம்மியும் பிசகாமல் எரிய வேண்டும். 1976-இல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்த ஆக்ஸிஜன் சென்சார், வால்வோ கார்களில் இடம் பெற்று, வெளியேறும் புகையில் எஞ்சியிருக்கும் பிராணவாயுவை நொடிக்கு நொடி அளந்து கணிப்பொறிக்குச் சொல்லத் தொடங்கியது. கணிப்பொறியை எஞ்சினின் அதிகாரியாக்கிய பின், அது தன் சென்சார்களில் பிழை கண்டால் ஓட்டுபவருக்குத் தெரிவிக்க ஒரு வழி வேண்டும் அல்லவா? 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அத்தகைய விளக்கு பரவலாக இடம் பெற்றது. 1988-ஆம் ஆண்டு மாடல் முதல் கலிபோர்னியா அதைக் கட்டாயமாக்கிற்று. 1996-இல், எல்லாக் கம்பெனிகளின் கார்களும் ஒரே விதமான பதினாறு முனைச் செருகியும் ஒரே விதமான குறியீடுகளும் கொண்டிருக்க வேண்டும் என்ற ஓ. பி. டி. (வண்டி தன் பிழையைத் தானே கண்டறிதல்) இரண்டாம் முறை அமெரிக்கா முழுவதும் அமலாயிற்று. எஞ்சினைக் காப்பது இந்த விளக்கின் இரண்டாம் பயன். ஊராரின் மூச்சைக் காப்பதே அதன் முதற் பயன். இதை மறந்தவர்களே விளக்கைத் தொந்தரவாகக் கருதுகிறார்கள்.

நம் தேசத்துக்கு இது படிப்படியாக வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடுமாதலால், 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கன்வர்ட்டரும், அவற்றுக்கென ஈயமற்ற பெட்ரோலும் அறிமுகமாயின. 1998-இல், பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூர்ச் சாலையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி உற்பத்தி செய்த சான்ட்ரோ கார், கார்புரேட்டர் இல்லாமல், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோலைப் பீச்சும் எம். பி. எஃப். ஐ. முறையுடன் விற்பனைக்கு வந்தது. 2000-இல் மாருதி 800-ம் அந்த முறைக்கு மாறிற்று. ஜப்பானின் மிக்குனி கம்பெனியின் ஒத்துழைப்போடு மாருதிக் கார்களுக்குக் கார்புரேட்டர் செய்துவந்த யூகால் கம்பெனியின் அலுவலகம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. கார்புரேட்டரின் அஸ்தமனத்தையும் இப்பகுதியார் கண்டனர். அதன்பின் 2010 ஏப்ரலில் சென்னைக்குப் பாரத் நான்காம் கட்டப் புகை விதிகளும், அவற்றுடன் ஓ. பி. டி. முதல் முறையும் வந்தன; 2013 ஏப்ரல் முதல் இரண்டாம் முறை கட்டாயமாயிற்று; 2020 ஏப்ரலில் பாரத் ஆறாம் கட்டம் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது.

இந்த மாறுதல்களால் தெருவோரத்துப் பட்டறைகள் அடைந்த திகைப்பு கொஞ்சநஞ்சமன்று. காதால் கேட்டு, நிறத்தால் கண்டு கோளாறை உணர்ந்த கைகளுக்கு முன்னால், கணிப்பொறி என்ற வாய் திறவாத கறுப்புப் பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. அதனோடு பேசும் கருவி தொடக்கத்தில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்களிலேயே இருந்தது. பொதுவான ஸ்கேனர்கள் விலை இறங்கி வந்த பின்னரே, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள செருகியில் அதை மாட்டி, 'கோட்' என்ன என்று பார்க்கும் ஆற்றல் சிறு பட்டறைகளுக்கும் கிடைத்தது. முன்னாளில் டைனமோவும் ஹாரனும் பார்த்துக்கொண்டு மெக்கானிக்குக்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன், இப்போது அவரோடு சமமாக, சில சமயம் அவருக்கு மேலாகவும், மதிக்கப்பட்டார். ஆயுத பூஜையன்று ஸ்பேனர்களுக்கும் ஜாக்கிக்கும் பக்கத்தில் ஸ்கேனரும் சந்தனமும் குங்குமமும் பெற்றுக்கொண்டு வீற்றிருப்பதை இன்று காணலாம்.

ஆயினும் இந்தப் புதிய கருவியோடு ஒரு புதிய மயக்கமும் கூடவே வந்தது. ஸ்கேனர் காட்டும் குறியீட்டையே கோளாறு என்று எண்ணிக்கொள்வதுதான் அது. குறியீடு சாட்சியின் வாக்குமூலமே தவிர, நீதிபதியின் தீர்ப்பன்று. உதாரணமாக, பி-0171 என்ற குறியீடு, கலவையில் காற்று மிகுந்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. காற்று உள்ளிழுக்கும் வழியிலுள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்பு, காற்றை அளக்கும் சென்சாரில் படிந்த தூசி, பெட்ரோல் பம்பின் தளர்ச்சி, இன்ஜெக்டரில் அடைப்பு ஆகிய இவற்றுள் எதுவும் அதற்குக் காரணமாகலாம். பி-0420 என்பது கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. உண்மையில் கன்வர்ட்டர் கெட்டிருக்கலாம். அதற்கு முன்னே புகைக்குழாயில் கசிவு இருக்கலாம். பின்னே உள்ள ஆக்ஸிஜன் சென்சார் பிழையாக அளந்திருக்கலாம். அல்லது எஞ்சினில் நெடுநாள் இருந்த 'மிஸ்ஸிங்' (சிலிண்டரில் கலவை சரியாகப் பற்றாமை) அந்தக் கன்வர்ட்டரை எரித்திருக்கலாம். கடைசியாகச் சொன்ன காரணத்தை விட்டுவிட்டுப் பெரும் பொருள் செலவில் புதிய கன்வர்ட்டரைப் பூட்டினால், அதுவும் சில மாதங்களில் அதே கதியை அடையும்.

இனி, விளக்கு ஏன் திரும்பத் திரும்ப எரிகிறது என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலான பிழைகளை எஞ்சினின் கணிப்பொறி ஒரே தடவை கண்டு விளக்கை ஏற்றுவதில்லை. அடுத்த ஓட்டத்திலும் அதே பிழை தென்பட்டால்தான் ஏற்றும். பிழை மெய்யாகவே நீங்கிவிட்டால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அதைக் காணாத கணிப்பொறி விளக்கைத் தானே அணைத்துவிடும். நாற்பது முறை எஞ்சின் சூடேறி ஆறிய பின் அந்தக் குறியீட்டையும் தன் நினைவிலிருந்து நீக்கிவிடும். ஸ்கேனரைக் கொண்டு 'எரேஸ்' செய்வதோ, பாட்டரி வயரைக் கழற்றி மாட்டுவதோ, இந்த நினைவை மாத்திரம் அழிக்கும் செயல்கள்; காரணம் அப்படியே இருக்கும். கணிப்பொறி தன் சோதனைகளையெல்லாம் முதலிலிருந்து நடத்தி, இரண்டு மூன்று நாட்களிலோ, இரண்டு மூன்று வாரங்களிலோ, அதே முடிவுக்கு மறுபடியும் வந்து சேரும். இடையில் கிடைத்த அந்த இருட்டைத்தான் நாம் நிவாரணம் என்று நினைத்துக் காசு கொடுக்கிறோம். அதைவிடக் கேடு என்னவென்றால், பிழை நேர்ந்த கணத்தில் எஞ்சினின் வேகம் என்ன, வெப்பம் என்ன, பாரம் என்ன என்று கணிப்பொறி எழுதி வைத்திருந்த குறிப்பும் அந்த அழிப்பில் சேர்ந்து போய்விடுகிறது.

இந்தப் பகுதிக்கே உரிய காரணங்களும் சில உண்டு. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையிலும், 2023 டிசம்பரில் வீசிய மிக்ஜாம் புயலிலும், அம்பத்தூரின் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றிய தாழ்வான குடியிருப்புகளும் நீரில் மூழ்கின. நீர் வடிந்த பின் ஓடத் தொடங்கிய கார்களில், வயர்கள் இணையும் 'கப்ளர்'களுக்குள் புகுந்த ஈரம் மெல்ல மெல்லப் பச்சைக் களிம்பாகப் படிந்து, மாதங்கள் கழித்துச் சென்சார்களின் செய்தியைத் திரிக்கிறது. மழைக்காலத்தில் எஞ்சின் அறைக்குள் தஞ்சம் புகும் எலிகள் வயரின் மேலுறையைக் கடித்துவிடுகின்றன. ஹாரனுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் கூடுதல் விளக்குகளுக்கும் கிடைத்த இடத்தில் வயரை வெட்டிச் சேர்ப்பதும், துருப்பிடித்த 'எர்த்' இணைப்பைக் கவனியாமல் விடுவதும், எல். பி. ஜி. கிட்டை அளவு பார்க்காமல் பொருத்துவதும் விளக்கை ஏற்றும் பிற வழிகள். இவற்றில் எந்த இடத்திலும் சென்சார் குற்றவாளியன்று. ஆனால் முதலில் மாற்றப்படுவது பெரும்பாலும் சென்சார்தான்.

சரியான வழி எது என்று கேட்டால், பழைய தொழிலின் நிதானத்தைப் புதிய கருவியோடு சேர்ப்பதே என்பது என் துணிபு. ஒரே ஓர் உதாரணம் போதும். பி-0301 என்ற குறியீடு முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்கிறது. நல்ல மெக்கானிக் உடனே புதிய இக்னிஷன் காயில் வாங்கிவரச் சொல்லமாட்டார். முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதன் காயிலை முதலாவதற்கும் மாற்றி வைத்து ஓட்டிப் பார்ப்பார். குறியீடு பி-0302 என்று மாறினால் காயிலே குற்றவாளி. மாறாமல் அப்படியே நின்றால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் ஒவ்வொன்றாக அதே விதமாகச் சோதிப்பார். பிறகு வயரையும், வால்வையும், சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்ப்பார். அம்பாசடரின் பிளக் வயரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்த அந்தப் பழைய யுக்திக்கும் இதற்கும் என்ன பேதம்? கருவி மாறியிருக்கிறது, தர்க்கம் மாறவில்லை. ஸ்கேனரில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே கப்ளரையும் வயரையும் கையால் அசைத்து, எந்த அசைவில் எண் துள்ளுகிறது என்று காண்பதும், வெடித்த குழாயைத் தேடப் புகையைச் செலுத்திப் பார்ப்பதும் அதே மரபின் தொடர்ச்சியே.

ஆனால் அந்த நிதானத்துக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குக் கூலி வேண்டும். நம்முடைய வழக்கமோ, மாற்றிய பொருளுக்குப் பணம் கொடுப்பதாகவும், காரணத்தைத் தேடிய உழைப்புக்குப் பேரம் பேசுவதாகவும் இருக்கிறது. "ஒண்ணும் மாத்தலையே, இதுக்கு எதுக்குக் காசு?" என்று சொந்தக்காரர் கேட்கும் ஊரில், மெக்கானிக் எதையாவது மாற்றாமல் என்ன செய்வார்? திரும்பத் திரும்ப எரியும் விளக்குக்கு அவருடைய அவசரம் பாதிக் காரணமென்றால், நம்முடைய கஞ்சத்தனம் மறுபாதிக் காரணம்.

கலிபோர்னியாவில் இந்த விளக்கு எரியும் கார், காலமுறைப் புகைச் சோதனையில் தேறாது. சோதனைக்கு முந்திய நாள் குறியீட்டை அழித்துக்கொண்டு சென்றாலும், கணிப்பொறியின் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்பது சோதிப்பவருக்குத் தெரிந்துவிடும். பழைய கார் வாங்குவோரும் ஸ்கேனரில் இதே குறிப்பைப் பார்த்து, விற்பவர் நேற்றுத்தான் விளக்கை அணைத்தாரா என்று தெரிந்துகொள்ளலாம். நம் நாட்டில் பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் வழங்குமிடத்தில் குழாயில் வரும் வாயுவை அளக்கிறார்களேயன்றிக் கணிப்பொறியைக் கேட்பதில்லை. ஆகவே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே சான்றிதழ் பெற்றுவிட முடிகிறது. சட்டம் கேளாத இடத்தில் கேட்கவேண்டிய பொறுப்பு சொந்தக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் உரியதாகிறது.

ஆதலால் வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எரிந்தால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் பட்டறையை அடையுங்கள். நிலையாக எரிந்தால் பதற்றம் வேண்டாம். நாட்கணக்கில் ஒத்திப்போடவும் வேண்டாம். எதையும் அழிப்பதற்கு முன், குறியீட்டையும் அதனோடு பதிந்துள்ள குறிப்பையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், அதுவே காரணம் என்று எவ்வாறு தெரிந்தது என்று மரியாதையோடு கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த மெக்கானிக்குக்கு, அவர் ஒன்றையும் மாற்றாவிட்டாலும், தேடிய கூலியை முகம் கோணாமல் கொடுங்கள். பட்டறைக்காரரிடமும் ஒரு வார்த்தை: 15 தௌ இடைவெளிக்காகக் கண்ணைச் சுருக்கி நின்ற தலைமுறையின் வாரிசுகள் நீங்கள், அழித்துக் கொடுப்பது உங்கள் தொழிலன்று, அறிந்து கொடுப்பதே உங்கள் தொழில்.